ஒரு தாளின் கனம்

இயக்குநர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மேசையைக் கெட்டியாகப் பிடித்தபடி நிற்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் இந்த மின் உந்துபொறி செயற்கைக்கோளில் ஏறும். இல்லையென்றால் அருகில் நிற்கும் பெண் பொறியாளரின் ஆறு வருட உழைப்பு அலமாரிக்குப் போகும். காற்றை உறிஞ்சியெடுத்த இரும்புத் தொட்டிக்குள், கையடக்கப் பொறியின் வாயில் நீல ஒளி மிதக்கிறது. செனான் வாயுவின் அணுக்களுக்கு மின்னேற்றி, மின்சாரமே அவற்றை வெளியே வீசிக்கொண்டிருக்கிறது. "எப்பம்மா பத்தவைப்பீங்க?" என்று கத்துகிறார். "பத்து நிமிஷமா ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு." பஞ்சை எடுக்கிறார். "இவ்வளவுதானா? எங்க வீட்டு மிக்ஸியே இதைவிட உறுமுமே!" அவள் ஒரு வெற்றுத் தாளை அவர் உள்ளங்கையில் வைக்கிறாள். "இந்தக் கனம்தான் சார் இது தள்ளுற தள்ளு. ஆனா அங்க தடுக்கக் காத்து இல்ல. வருஷக்கணக்கா விடாம தள்ளும்." தாள் அவர் மூச்சில் அசைகிறது. தொட்டியின் கண்ணாடிச் சன்னலில் முகத்தைப் பதிக்கிறார். மூக்குக்கண்ணாடியில் இரண்டு நீலப் புள்ளிகள். அவருடன் வந்த உதவியாளர், கொண்டுவந்த கைதட்டல் வீணாகிவிடக் கூடாதென்று தட்டத் தொடங்குகிறார். "சும்மா இருய்யா, அணைஞ்சிடப் போகுது" என்று கிசுகிசுக்கும் இயக்குநர், பேனா கீறும் ஓசைகூட எழாதபடி, அனுமதிப் படிவத்தில் மெல்லக் கையெழுத்திடுகிறார்.