ரோவரின் எடை

“ரோவரை விட்டுட்டுத்தான் வரப்போறியா, தர்மா?”

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றபடி சுசித்ரா கேட்டாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கீழே கூடத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றேகாலுக்குத்தான் நல்ல நேரம். அதுவரை பெண்ணைக் கூடத்துக்கு அழைக்க மாட்டார்கள். போன் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி தர்மன் மேலே வந்திருந்தான். பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த தன் அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் சமையலறை வழியாக அவளும் படியேறிவிட்டாள்.

“இன்னும் முடிவு பண்ணல” என்றான் தர்மன்.

“இன்னுமா? அடுத்த ஞாயித்துக்கெழம கப்பலு கெளம்புது.”

கம்ப்யூட்டர் விளையாட்டில் பறக்கும் விண்கப்பல் அது. காரிமங்கலத்தில் அவன் வீட்டில் ஒன்று, பாப்பாரப்பட்டியில் அவள் வீட்டில் ஒன்று. இரண்டு வருடமாக இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பறந்துகொண்டிருந்தன. இந்த முறை பால்வீதியின் மறுகோடிக்குப் போகிறார்கள். போய்ச் சேரவே நாற்பது நாள். ரோவர் என்கிற சின்ன வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டால் போகிற கிரகங்களில் தரையில் ஓட்டிப் பார்க்கலாம். ஏற்றாவிட்டால் எடை குறையும். ஒரே தாவலில் அதிக தூரம் போகலாம்.

தர்மன் புதுச்சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தான்.

“இதுக்கும் நோட்டுப் போட்டுட்டியா?”

“ரெண்டு பக்கமும் எழுதிப் பாத்தேன். எடுத்துக்கிட்டா பதினோரு நன்ம இருக்குது. எடுக்காட்டியும் பதினொண்ணு.”

“ஒனக்கு மட்டும் எப்பவுமே தராசு சரியா நிக்கும்.”

“நாலு டன்னு, சுசி. ஒரு தாவலுக்கு மூணு ஒளியாண்டு கொறையுது. நாப்பது நாளு நாப்பத்திமூணு ஆயிரும்.”

“ஆவட்டும். மூணு நாள்ல ஆரு குடி முழுகுது?”

“மேலேயிருந்தே ஸ்கேன் பண்ணுனா எல்லாந் தெரியுதில்ல. காத்து இருக்குதா, ஐஸ் இருக்குதா, என்ன உலோகம்னு...”

“போன தடவையும் இதேதான் சொன்ன. அந்த நீலக் கிரகத்தை மூணு சாயங்காலம் சுத்திச் சுத்தி வந்த. நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எவனோ பிரேசில்காரன் எறங்கி அவம்பேரை எழுதிட்டுப் போயிட்டான்.”

“மொதல்ல பாத்தது நாந்தான்.”

“பாத்தவம்பேரை ஆரு எழுதறாங்க?”

கீழே யாரோ உரக்கச் சிரித்தார்கள்.

“எங்கம்மா சிரிக்கறாங்க” என்றான். “உங்க வூடு அவங்களுக்குப் புடிச்சுப்போச்சு. ஒன்பது பொருத்தம் இருக்குதாம்.”

“எங்கப்பாவுந்தான் காலையிலிருந்து பாட்டாப் பாடறாரு. நல்ல குடும்பம், கெணத்துல கோடையிலயும் தண்ணி நிக்குதுன்னு.” அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “எங்கிட்ட ஜாதகத்தைக் கேட்டு வாங்குனியே, உங்கம்மாகிட்ட என்ன சொல்லிக் குடுத்த?”

“ஒண்ணும் சொல்லல. சாமி படத்துக்கிட்ட வெச்சேன். அம்மா எடுத்துப் பாத்துட்டு, பொண்ணு ஆருன்னாங்க. தெரிஞ்ச பொண்ணு, நல்ல பொண்ணுன்னேன். அன்னிக்கே ஜோசியர்கிட்ட கொண்டு போயிட்டாங்க.”

“அவ்வளவுதான் பேசுனியா?”

“பெரியவங்களுக்கு எல்லாத்தையும் வாயத் தொறந்து சொல்லணுமா?”

“ஆமா. சொல்லணும்.”

அவள் ஓரடி முன்னால் வந்தாள். பேச்சைத் தணித்துக்கொண்டாள்.

“இன்னிக்காச்சும் சொல்லு. கீழ போயி, எல்லார் முன்னாலயும், எனக்கு இந்தப் பொண்ணப் புடிச்சிருக்குதுன்னு ஒரே ஒரு வார்த்த. அது போதும் எனக்கு.”

“அம்மா பேசிட்டிருக்கும்போது நடுவுல நான் எப்படி...”

“எப்படின்னு நோட்டுல எழுதலயா?”

தர்மன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. “நீ சொல்லக் கூடாதா?”

“நான் சொன்னா, ரெண்டு வருசமா இவங்கூடத்தான் வெளையாடுனயான்னு எங்கப்பா கம்ப்யூட்டரைத் தூக்கிக் கெணத்துல போடுவாரு. பையன் சொன்னா ஒரு பேச்சு. பொண்ணு சொன்னா ஊருக்கே பேச்சு.”

“நான் சொல்லி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?”

“ஆவட்டுமே. சொல்லாம நல்லா நடந்தது ஏதாச்சும் இருக்குதா?”

அவன் நோட்டைப் பிரித்தான். இரண்டு பக்கத்தையும் மறுபடி படித்தான். காலர் கழுத்தை அறுத்தது, விரலால் தளர்த்திக்கொண்டான். சுசித்ரா அவசரப்படுத்தவில்லை. இரண்டு வருடமாக அவன் முடிவெடுப்பதற்காகக் காத்திருந்து பழகியவள்.

“எடுத்துக்கறேன்” என்றான் கடைசியில்.

“எதை?”

“ரோவரைத்தான். நாப்பத்திமூணு நாளு ஆனா ஆவட்டும். எறங்கியே பாக்கலாம்.”

“நெசமாவா?”

“நெசமா.”

அவள் முகம் மலர்ந்தது. இன்னொன்றையும் சொல்வான் என்று அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கூடத்தில் நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது.

“தர்மா” என்று கீழேயிருந்து அவன் அம்மா குரல் கொடுத்தாள். “எங்கடா நிக்கற? ஓசூர்லயிருந்து உங்கண்ணன் வந்துட்டான். மாப்பிள்ளைக்குப் பக்கத்துல தம்பின்னு ஒருத்தன் ஒக்கார வேணாமா?”

தர்மன் சுவரோரமாக ஒதுங்கிப் படிக்கு வழிவிட்டான்.

“மொதல்ல நீங்க எறங்குங்க, அண்ணி” என்றான்.