சரவணக்குமாரின் ஆட்சேபணை

"மேடம், இவங்க போட்டியில கலந்துக்கக் கூடாது."

விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று தொடங்கப்போகிற நேரத்தில் சரவணக்குமார் எழுந்து இப்படிச் சொன்னான். அவன் கை நீட்டியது என் சிநேகிதி பர்ஹத்தை நோக்கி. அவளோடு மேடையில் மோத வேண்டியவனே அவன்தான். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"ஏன் கூடாது?" என்று கேட்டார் நடுவர் ஆவுடைத்தாய் மேடம்.

"இவங்க மாலைக் கல்லூரி மேடம். பகல்ல சிவகாசி காலண்டர் கம்பெனியில வேலை பாக்குறாங்க. இந்தப் போட்டிக்கு வழக்கமா பகல் காலேஜ்ல படிக்கிறவங்கதான் வருவாங்க."

அரங்கமே பர்ஹத்தைத் திரும்பிப் பார்த்தது. காலண்டர் தாள்களின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடித்து அடித்து அவள் விரலெல்லாம் கீறல். அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பேசி ஜெயிக்கத் துப்பில்ல, ரூல்ஸ் பேச வந்துட்டான் பயந்தாங்கொள்ளி!" என்றேன். அவன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

"சும்மா இருடி பிரீத்திகா," என்றாள் பர்ஹத். "நான் பேசாமப் போக மாட்டேன். அத்தா என்ன சொன்னாகன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். சீசன் வேலையும் படிப்புமாக மகள் துரும்பாய் இளைப்பதைப் பார்த்து, "படிப்பை விட்டுரும்மா, உடம்பு தாங்காது" என்று கறாராகச் சொல்லிவிட்டார் அவள் அத்தா ஜெகபர் அலி. "மாவட்டத்துல ஜெயிச்சுட்டு வந்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுத்தா" என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள் இவள். தோற்றால் இந்த வருஷத்தோடு கல்லூரிக்கு முழுக்கு.

மேடம் போட்டி விதிகளை நிதானமாக வாசித்தார். "மாவட்டக் கல்லூரி மாணவர்னுதான் இருக்கு. பகலா மாலையான்னு ஒண்ணும் இல்ல. வழக்கம் வேற, விதி வேற. பர்ஹத் பேசலாம். இது நடுவர் தீர்ப்பு, இனிமே யாரும் இதைக் கிளப்பக் கூடாது."

"சரிங்க மேடம்," என்று சரவணக்குமார் உட்கார்ந்தான். மூஞ்சியில் கொஞ்சமாவது வெட்கம் வேண்டுமே! அவனைக் கூட்டி வந்திருந்த அவன் கல்லூரி வாத்தியார் ஊர்க்காவலன் சார் அவனை முறைத்துக்கொண்டிருந்தார். கேட்டும் பலிக்கவில்லையே என்கிற கடுப்பாக இருக்கும்.

தலைப்பு என்னவோ எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கொடுக்கிற அதே 'கைபேசி வரமா, சாபமா'தான். ஆனால் பர்ஹத் பேசினாள் பாருங்கள்! கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில், கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்பதைச் சொன்னபோது கைதட்டல் நிற்கவே இல்லை. சரவணக்குமாரும் லேசுப்பட்டவன் இல்லை, ஒரு இடத்திலும் விட்டுக்கொடுக்காமல்தான் பேசினான்.

முதல் பரிசு பர்ஹத்துக்கு!

அவள் கோப்பையை வாங்க மேடை ஏறியபோது ஊர்க்காவலன் சார் விருட்டென்று எழுந்தார். "மேடம், இது செல்லாது! மாலைக் கல்லூரிப் பிள்ளைக்கு எப்படிப் பரிசு கொடுப்பீங்க? ரெண்டாவதா வந்த எங்க பையனுக்குத்தான்..."

"அதை உங்க பையனே முதல்ல கேட்டு, நானும் தீர்ப்பு சொல்லியாச்சு. உக்காருங்க சார்."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. சார் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் சரவணக்குமாரை வழிமறித்தேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"என்னலே, வாத்தியாரும் பிள்ளையும் மாத்தி மாத்திக் கேட்டும் ஒண்ணும் நடக்கலையா?"

அவன் என்னைக் கண்டுகொள்ளாமல் பர்ஹத்திடம் சொன்னான்.

"ரூல்ஸ்ல அப்படி ஒண்ணும் இல்லைன்னு எனக்கு முன்னாடியே தெரியுங்க. நீங்க ஜெயிச்சா மட்டும், பரிசு கொடுக்கிற நேரத்துல தகராறு பண்ணி கோப்பையை எனக்கு வாங்கிரணும்னு எங்க சார் திட்டம் போட்டு வச்சிருந்தாரு... அதான் அவருக்கு முந்தி நானே கேட்டு, தீர்ப்பை வாங்கிட்டேன்!"