முப்பத்திரண்டு டிகிரி

“கோழிக்குக் காத்தாடியாம்! இன்னைக்குக் காத்து கேக்கும், நாளைக்குக் கட்டில் கேக்கும்,” என்று, சூட்டை அளந்து காத்தாடியை ஓட்டும் பெட்டியைக் கோழிக் கொட்டகையில் மாட்டிய அன்றே கேலி செய்தார் முதிண்டாவின் கணவர் ஹமூங்கா.

முதிண்டா அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளே இருப்பவை ஒரு வாரக் குஞ்சுகள். கொட்டகையின் சூடு முப்பத்திரண்டைத் தாண்டினால் மட்டும் காத்தாடி தானாகச் சுற்றும்படி பெட்டியின் எண்ணை முப்பத்திரண்டில் வைத்தாள்.

மூன்று நாளாகச் சாயங்காலம் போய்ப் பார்த்தால் எண் இருபத்து நாலில் நிற்கிறது. காத்தாடி பேயாய்ச் சுற்ற, குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்குகின்றன. நேற்று பதினொன்று செத்துவிட்டன.

“சத்தியமா நான் தொடலம்மா,” என்றார் பண்ணையாள் சியாமே.

“அவன்தான்! சீட்டைக் கிழிச்சு அனுப்பு,” என்றார் ஹமூங்கா, களி உருண்டையைக் கீரையில் தோய்த்தபடி.

“என் கண்ணால பாக்காம யாரையும் அனுப்ப மாட்டேன், சூல்வே அப்பா.”

மறுநாள் சோமா சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கொட்டகையில் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மதியம் சியாமே சாப்பிடப் போனதும் கதவு திறந்தது. ஒரு கை எண்ணைக் குறைத்தது. காத்தாடி சுற்றியது. சற்று நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது.

முதிண்டா எழுந்து வந்து எண்ணை மறுபடி முப்பத்திரண்டுக்கு ஏற்றினாள். காத்தாடி நின்றது. தான் கொண்டுவந்து விரித்த மடக்குக் கட்டிலில் வேர்த்து விழித்தார் ஹமூங்கா.

“உங்க வாக்கு பலிச்சிருச்சு. கோழிக்குக் கட்டிலும் வந்திருச்சு,” என்றாள் முதிண்டா. “அது இங்கயே கிடக்கட்டும். குஞ்சு வளர்ற வரைக்கும் நீங்களும் முப்பத்திரண்டுலயே படுங்க!”