சுவருக்கு அந்தப்புறம்

"ஏய், கெளம்பலாமா?" மரச்சுவருக்கு அந்தப்புறம், ஆண்கள் குளிக்கும் பக்கத்திலிருந்து, தண்ணீர் கொட்டும் சத்தத்தினூடே மங்கலாக ஒரு குரல் வந்தது.

"பத்து நிமிஷம் இருங்க," என்றாள் வெந்நீர் ஊற்றில் கழுத்துவரை அமிழ்ந்திருந்த மிச்சியோ.

ஓசாகாவிலிருந்து வந்திருந்த யோஷினோ திரும்பிப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரா?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டதே கெடையாது. நாப்பது வருஷமா வெறும் 'ஏய்'தான். குளிச்சிட்டு வெளிய போனா பால் பாட்டில் வாங்கி, பாதி குடிச்சிட்டு மீதிய நீட்டுவாரு."

"இன்னிக்கும் நீட்டுவாரா?"

மிச்சியோ தலைமேல் மடித்து வைத்திருந்த துண்டைச் சரிசெய்தாள். "அவரு போய்ச் சேந்து மூணு வருஷமாச்சுங்க. இது யாரோ. 'ஏய்'னதும் வாய் தானா பதில் சொல்லிடுச்சு."

மறுபடி குரல் வந்தது, இந்த முறை தெளிவாக. "ஏய், இன்னுமா?"

பதில் சொல்ல வாயெடுத்த யோஷினோ நிறுத்திக்கொண்டாள்.

"அது எங்க வீட்டுக்காரர்தான்," என்றாள் மெதுவாக. "நீங்களே பதில் சொல்லுங்க."