நாலாவது பொத்தான்

நாலாவது பொத்தானில் சத்தம் வரவில்லை.

அவள் மறுபடி அமுக்கினாள். கட்டை விரலால், நகம் வெளுக்கும் அளவுக்கு.

ச வந்தது. ரி வந்தது. க வந்தது. ப மட்டும் இல்லை.

கட்டிலில் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய் ஏழு மாதம் ஆகிறது. இடது கை இருக்கிறது. அந்தக் கைக்கு எட்டுகிற மாதிரிதான் போன விடுப்பில் வந்தபோது இவள் பெட்டியைக் கட்டில் சட்டத்தில் திருகி வைத்துவிட்டுப் போனாள். பெட்டி என்றால் பழைய சோப்பு டப்பா. உள்ளே சத்தம் எழுப்ப ஒரு ஐசி, ஒரு பேட்டரி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஸ்பீக்கர். நாலு பொத்தானும் நாலு சுரம் தர நாலு ரெசிஸ்டர்.

ச என்றால் தண்ணீர்.

ரி என்றால் பாத்ரூம்.

க என்றால் திரும்பிப் படுக்க வேண்டும்.

ப என்றால் ஒன்றும் வேண்டாம், சும்மா வா.

அந்த ப-வுக்கு மட்டும் ஒரு முழு மாலை போயிற்று. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நாளெல்லாம் சர்க்யூட் போர்டைப் பார்க்கிறவளுக்குச் சுரம் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். தேவாலயத்தில் முப்பது வருஷம் முன்வரிசையில் நின்று பாடியவள். இவள் ரெசிஸ்டரை மாற்றி மாற்றி வைக்க, அம்மா இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பதினொன்றாவது ரெசிஸ்டரில் ஆட்டுவதை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது அது செத்துக் கிடக்கிறது.

திருகைக் கழற்றி மூடியைத் திறந்தாள்.

வயர் அறுந்திருக்கவில்லை. வெட்டியிருந்தது.

அறுந்த வயருக்கும் வெட்டிய வயருக்கும் வித்தியாசம் பார்க்கத்தான் அவளுக்குக் கம்பெனியில் சம்பளம். அறுந்தால் இழை இழையாகப் பிரிந்து நிற்கும். இது கட்டிங் பிளேயரில் ஒரே வெட்டு. மற்ற மூன்றின் மேலும் கீறல்கூடப் படவில்லை. எந்த வயர் எந்தப் பொத்தானுக்குப் போகிறது என்று நிதானமாகப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

அந்த நிதானத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நாந்தான் வெட்டுனேன்."

அண்ணன் அறை வாசலில் நின்றான். மில்லில் இரவு ஷிப்ட். பகலில்தான் தூக்கம். கண் சிவந்திருந்தது.

"அம்மா ஒரு நாளைக்கு நாப்பது வாட்டி அடிக்கா, ட்டீ. தூக்கத்துல எந்திரிச்சு ஓடி வந்து நின்னா, சிரிக்கா. வேற ஒண்ணும் இல்ல. மத்த மூணும் அடிக்குல்லா? அது போதும்."

சிரிக்கா. ஏதோ திருட்டுக் குற்றத்தைச் சொல்வது போல அதைச் சொன்னான்.

அவள் பையிலிருந்து வயர் ஒட்டும் சால்டரிங் அயர்னை எடுத்து பிளக்கில் செருகினாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

அடுப்படியிலிருந்து மதினி ஈரக் கையோடு வந்தாள். அவளுக்கும் ஒரு குறை இருந்தது.

"அத்தை இப்ப ஓயாம தண்ணிதான் கேக்காவ. கொண்டு போனா ஒரு மடக்குதான் குடிக்காவ. என் கையப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்காவ. வேல கெடக்கு எனக்கு."

அவள் நிமிர்ந்தாள்.

மதினிக்குத் தான் சொன்னது புரியவில்லை. அண்ணனுக்கும் புரியவில்லை. ஒரு மனித முகத்தைப் பார்க்க, இந்த வீட்டில் பெற்ற தாய் தாகமில்லாத தொண்டையில் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறாள்.

அயர்ன் சூடாகும்வரை பொறுக்கவில்லை. ஈயம் பிடிக்காமல் உருண்டு தரையில் விழுந்தது. அவள் கையில் இப்படி நடந்ததே கிடையாது. இரண்டாவது தடவையும் விழுந்தது. மூன்றாவதில் ஒட்டியது. விரல் சுட்டதை அவள் கவனிக்கவில்லை.

"ஒட்டு," என்றான் அண்ணன். அவன் குரல் உயரவில்லை. "பட்டன் வச்சது நீ. நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருவ. ஓடி வாரது யாரு?"

அவன் சொன்னது சரிதான். அதனாலேயே ஆத்திரம் இன்னும் ஏறியது.

மூடியைப் போட்டுத் திருகினாள்.

"அம்மா, அமுக்கு."

அம்மா அண்ணனைப் பார்த்தாள்.

"அங்க என்ன பாக்க? அமுக்கும்மா."

கை அசையவில்லை.

அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து விரலை நாலாவது பொத்தானில் வைத்து அழுத்தினாள். ப வந்தது. சுத்தமாக, நீளமாக, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி. அம்மா விரலை எடுக்க அவள் விடவில்லை.

அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மதினி அடுப்படிக்குத் திரும்பினாள்.

அவள் கையை விட்டதும் சத்தம் நின்றது.

அம்மா வெடுக்கென்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டில் இவளுடைய விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்ததை இவள் பார்த்தாள். கோபம் யார் மேல் என்று அதற்குப் பிறகு தெரியவில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பெட்டியைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. அயர்னைப் பிடுங்கி ஆறவைத்தாள். மணி மூன்றேகால்.

கொஞ்ச நேரம் கழித்துப் போர்வை அசைந்தது.

கை மெல்ல வெளியே வந்தது. சட்டத்தைத் தடவிக்கொண்டு நாலாவது பொத்தான்வரை போனது. அதன் மேல் நின்றது. அம்மாவின் கண் சாத்திய கதவுக்குப் போய்த் திரும்பியது.

விரல் நகர்ந்தது. மூன்றாவதைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது.

ச.

தண்ணீர்ச் சொம்பு பக்கத்து ஸ்டூலிலேயே இருந்தது.

அவள் டம்ளரை எடுத்தாள். ஒரு மடக்குதான் குடிப்பாள் என்று தெரிந்தும் தளும்பத் தளும்ப ஊற்றினாள்.