முகம் பார்த்து

அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் செண்பகவடிவின் குரல் கேட்டது.

அவள் எழுந்தாள்.

அம்மாவின் கை அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தது.

அம்மா தையல் மெஷினை வாசலைப் பார்த்தே போட்டிருக்கிறாள். வருகிறவர்களைக் கண்ணால்தான் அறிய வேண்டும். பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

மகளுக்கு நாளை காலை திருவனந்தபுரத்தில் விமானம். ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு மாதப் படிப்பு. கல்லூரி அனுப்புகிறது. பெட்டி இன்னும் பாதிகூட நிறையவில்லை.

செண்பகவடிவு அடுத்த தெருக்காரி. தங்கை மகள் கல்யாணத்துக்கு அம்மா தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டோடு வந்திருந்தாள். வழக்கம்போல மகளைப் பார்த்தே பேசினாள்.

"ஏளா, கை புடிக்குன்னு அம்மாட்ட சொல்லு."

எல்லோரும் அப்படித்தான். பேச்சு வந்த நாளிலிருந்து அவள்தான் அம்மாவின் காது. ஜாக்கெட்டின் கழுத்து இறக்கம், டாக்டர் கேட்கும் கேள்வி, கரண்ட் ஆபீஸ்காரரின் சிடுசிடுப்பு. எல்லாம் அவள் காதில் விழுந்து, அவள் விரல்கள் வழியாகத்தான் அம்மாவிடம் போய்ச் சேரும்.

அப்பா இறந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவுக்குச் சொன்னதும் அந்த விரல்கள்தான். அப்போது ஏழாம் வகுப்பு.

அதனால்தான் ஜப்பானுக்குத் தேர்வானதும், போக முடியாது என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். வீட்டில் மூச்சு விடவில்லை. தோழி ஒருத்தி வந்தபோது அம்மாவிடம் அரைகுறைச் சைகையில் உளறிவிட்டாள்.

மறுநாள் அம்மா தனியாக பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாள். எப்படி வழி கண்டுபிடித்தாள் என்று தெரியாது.

பேராசிரியர் அப்புறம் சொன்னார். அம்மா அவர் மேஜைக்கு முன் நின்று மகளின் போட்டோவைக் காட்டினாளாம். பிறகு உள்ளங்கையை விரித்து, மேஜையிலிருந்து மெல்ல மேலே எழுப்பி, ஜன்னல் பக்கமாகக் கொண்டுபோனாளாம்.

அவருக்குப் புரியும்வரை. திரும்பத் திரும்ப.

அன்றிலிருந்து அம்மா அவளை எதற்கும் கூப்பிடவில்லை. மருந்துக் கடையில்கூட வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு வலித்தது. அம்மாவுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்தாள்.

இப்போது செண்பகவடிவு அவளையே பார்த்துக் காத்திருந்தாள்.

அம்மா வாசலுக்குப் போனாள். செண்பகவடிவின் முகவாயைப் பிடித்தாள்.

மெல்லத் தன் பக்கம் திருப்பினாள்.

செண்பகவடிவு திகைத்துப்போனாள். இத்தனை வருஷத்தில் அம்மாவின் முகத்தை இவ்வளவு நேராகப் பார்த்ததில்லை போலும். பிறகு நிதானமாக, உதடுகள் தெளிவாகத் தெரியும்படி சொன்னாள்.

"கை... புடிக்கு."

அம்மா கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

தப்பு.

மகளின் விரல்கள் தாமாகவே எழுந்தன. மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

செண்பகவடிவு தலையை ஆட்டி மறுத்தாள். ஜாக்கெட்டின் ஒரு கைக்குள் தன் கையை நுழைத்து, முழங்கைக்கு மேல் இறுகி நிற்பதைக் காட்டினாள். அம்மா அங்கே விரலைச் செருகிப் பார்த்தாள். தையலைத் தடவினாள். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இவ்வளவு போதுமா என்பதுபோல் பார்த்தாள்.

செண்பகவடிவு தலையசைத்தாள்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

போகத் திரும்பிய செண்பகவடிவின் கண் பெட்டியின்மேல் விழுந்தது. இந்த முறை மகளைக் கேட்கவில்லை. அம்மாவிடம் திரும்பி, பெட்டியைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

அம்மா வாயைத் திறந்தாள்.

அந்தக் குரல் மகளுக்கு மட்டுமே தெரிந்த குரல். தன் சின்ன வயதில் தெருப்பிள்ளைகள் சிரித்தார்கள் என்று அம்மா அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். காய்ச்சலில் கிடந்த மகளை எழுப்பும்போது வரும். அப்பாவின் போட்டோ முன்னால் எப்போதாவது வரும். ஏற்ற இறக்கம் இல்லாமல், மூக்கிலிருந்து எழும் குரல்.

"எம் மவ... சப்பான்... போறா."

செண்பகவடிவு சிரிக்கவில்லை.

எங்கே என்று உதட்டை அசைத்துக் கேட்டாள். அம்மா இன்னொரு முறை சொன்னாள்.

"சப்பானுக்கா? நல்லபடியா போய்ட்டு வரட்டும்க்கா. நாங்கள்லாம் இருக்கோம்லா."

அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அம்மா அந்த உதடுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தன்னைப் பற்றி இரண்டு பேர் தன் முன்னாலேயே பேசிக்கொள்கிறார்கள். நடுவில் அவள் தேவைப்படவில்லை. இதற்கும் வலிக்கும் என்று எதிர்பார்த்தாள்.

வலிக்கவில்லை. செண்பகவடிவின் காலைத் தொட வேண்டும் போலிருந்தது.

கோபம் இல்லை. இத்தனை நாளும் அவள் போவதற்கு அம்மா வழிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

செண்பகவடிவு போனபின் அம்மா வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. தன் தொண்டையைத் தொட்டாள். தயங்கி, விரல்களால் கேட்டாள்.

அசிங்கமாக இருந்ததா?

அவள் சைகை செய்யவில்லை. அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, முதன்முதலாக, வாயால் பதில் சொன்னாள்.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

அம்மா அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.