எட்டில் ஒன்று

"அவ பேரை அடிச்சிடுங்க செக்ரட்டரி சார். தாளம் விட்டவங்களுக்கு மேடை கிடையாது. அவ்வளவுதான்."

மிருதங்க வித்வான் ஒப்பனை அறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மதியக் கச்சேரி முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. விரல் நுனிகள் இன்னும் சிவந்திருந்தன. வாய் அதைவிடச் சூடாக இருந்தது.

சபாச் செயலாளர் கையில் ஒரு பட்டியல். அடுத்த மாதம் ஆறு ஊர்களில் கச்சேரி. போகிறவர்களின் பெயர்கள் சாயங்காலத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும். முதல் பெயர் வித்வானுடையது. நாலாவது பெயர் இன்று பாடியவளுடையது. ஐரோப்பாவில் எங்கோ பிறந்து, பன்னிரண்டு வருஷம் பாட்டுப் படித்தவள். அவள் பெயர் அந்தச் சபாவில் யார் வாயிலும் நுழையவில்லை. நுழைக்க யாரும் பாடுபடவும் இல்லை. வெள்ளைக்காரி என்றால் போதுமாயிருந்தது.

"முன் வரிசையில எல்லாரும் அதையேதான் சொல்றாங்க," என்றார் செயலாளர். "நீங்க தனியா வாசிச்சு முடிக்கிற இடத்துல, எட்டு எண்ணி முடிக்காம ஏழோட நிறுத்தி அடுத்த சுத்தை ஆரம்பிச்சுட்டாங்களாம்."

முன் வரிசை என்பது தொடையில் தாளம் போட்டபடி கேட்கும் கூட்டம். வெள்ளைத் தோலுக்குத் தாளம் நிற்காது என்று வீட்டில் செருப்பு மாட்டும்போதே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்தவர்கள். இரண்டு மணி நேரம் ஒரு தப்பும் சிக்காமல் நெளிந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஒன்று சிக்கியதும் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

"எனக்கு அப்பவே தெரியும் சார்," என்றார் வித்வான். "பாடறவங்க கை போடறதுதானே தாளம்? அவ கை சீக்கிரமா விழறதைப் பார்த்தேன். நானும் ஒண்ணைச் சுருக்கி அவளோட சேர்ந்து விழுந்தேன். இல்லேன்னா மேடையிலேயே மானம் போயிருக்கும். அவளைக் காப்பாத்தினதே நான்தான்."

சொல்லச் சொல்ல அவருக்கு இனித்தது. முப்பது வருஷம் பெரிய பெரிய ஆட்களுக்கு வாசித்த கையை இவளுக்கு வாசிக்க வைத்துவிட்டார்களே என்று காலையிலிருந்து புழுங்கிக்கொண்டிருந்தார். போதாதற்கு அவளுக்கு நாலு தடவை கைதட்டல் வேறு. அந்தக் கைதட்டல்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. அவள்தான். தோளில் உறைபோட்ட தம்புரா.

"தப்பு என்னோடதுதான் அண்ணா," என்றாள் வித்வானிடம். "கை தவறிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

"தமிழெல்லாம் நல்லாத்தான் பேசுது," என்றார் வித்வான், அவள் அங்கே இல்லாததுபோல் செயலாளரைப் பார்த்து. "சொல்லிக் குடுத்தா கிளியும் பேசும். தாளம் ரத்தத்துல இருக்கணும் சார்."

செயலாளர் தலையைச் சொறிந்தார். "இந்தப் பயணத்துக்காக வேலையை விட்டுட்டு ஒரு வருஷமா சாதகம் பண்ணியிருக்காங்க, வித்வான். ஒரே ஒரு தடவைதானே?"

"ஒரு தடவையாவது, அரைத் தடவையாவது. நானே விட்டாலும் என் பேரை அடிங்க, ஏன்னு கேக்க மாட்டேன். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். சந்தேகம்னா வீடியோ எடுத்தீங்களே, அதைப் போடுங்க."

அவள் முகம் வெளுத்தது.

"வேண்டாம் அண்ணா. நான்தான் ஒத்துக்கிட்டேனே. சார், என் பேரை அடிச்சிடுங்க. அதைப் போட வேண்டாம்."

"பார்த்தீங்களா, முகம் போற போக்கை?" வித்வான் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "போடுங்க சார். இந்த மேசையில நான் தாளம் போடறேன். ஒழுங்கான எட்டு எதுன்னு அதுவும் தெரிஞ்சுக்கட்டும்."

"அண்ணா, தயவுசெஞ்சு சொல்றேன்…"

"நில்லும்மா. போகாதே. நீயும் பாரு."

செயலாளர் மடிக்கணினியைத் திறந்து வீடியோவை ஓட்டினார். மூடியைக் கழற்றிய பேனா பட்டியலில் நாலாவது பெயரின் மேல் காத்திருந்தது.

திரையில் வித்வான் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரே தாளக் கணக்கை மூன்று தடவை வாசித்து, அடுத்த சுற்றின் முதல் தட்டில் வந்து விழ வேண்டும். திரையில் அவள் கையும் மேசையில் இவர் கையும் ஒன்றாகவே விழுந்தன. முதல் தடவை சரியாக இருந்தது. இரண்டாம் தடவையும் சரியாக இருந்தது. மூன்றாவதன் நடுவில் அவள் திடுக்கிட்டு மிருதங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு, ஆறு, ஏழு," என்று மேசையைத் தட்டினார் வித்வான். எட்டுக்காக அவர் கையைத் தூக்கும்போதே, திரையில் அவருடைய மிருதங்கம் ஒரு தட்டு முன்னதாகவே முடித்துவிட்டது. அவள் கை எட்டை விட்டுவிட்டு, அவர் விழுந்த இடத்துக்கே ஓடிவந்து விழுந்தது.

வித்வானின் கை அந்தரத்தில் நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

செயலாளர் வீடியோவை நிறுத்தி, திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அவங்க கையைப் பார்த்துத்தான் சுருக்கினேன்னு சொன்னீங்களே வித்வான்," என்றார் மெதுவாக. "இதுல நீங்க கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுல்ல இருக்கீங்க?"

பேனா நாலாவது பெயரிலிருந்து நகர்ந்து, முதல் பெயரின் மேல் போய் நின்றது.